சிவப்புமூக்கன், குழிவாயன், மோதிரக்காரன்

ஓகஸ்ட் 2, சனி

இந்தக் கொப்பி சன்னங்களை, அதாவது துவக்குக் குண்டுகளைப் பற்றி எழுதுவதற்கு மட்டும் வாங்கியது. உலோகக் கோதுக்குள் வெடிமருந்தும் சன்னமும் வைத்து வீட்டிலேயே ரவை அடைத்துச் சுடுகிறவன், எந்தச் சன்னத்தை எவ்வளவு மருந்தோடு அடைத்தான், அது குறியில் எங்கே விழுந்தது என்று எழுதி வைக்க வேண்டும் என்று தூருன் சொன்னாள். தூருன் இந்த ஊரின் மிருக வைத்தியர், எங்கள் வேட்டைக் குழுவிலும் ஒருத்தி. அவள் சொன்னால் கேட்பேன். மற்றவர்கள் சொன்னால் யோசிப்பேன்.

ஆனால் முதல் பக்கத்திலேயே கதை வேறு பக்கம் போகிறது. இன்று மகள் ஆரணி ட்ரோம்சோவிலிருந்து வந்தாள். ஆறாம் மாதம். படியேறி வந்ததும் வராததுமாக எல்க் மான் கறி இருக்கிறதா என்று கேட்டாள். என் மனைவி சறோ நேற்றே குளிர்பெட்டியில் இருந்து எடுத்து, வறுத்த தூள் போட்டு, வீடு முழுக்க மணக்க மணக்கக் காய்ச்சி வைத்திருந்தாள். ஆரணி சட்டியைத் திறந்தாள், மணந்தாள், திரும்ப மூடிவிட்டாள். ஈயச் சன்னத்தால் சுட்ட இறைச்சியைப் பிள்ளை பிறக்கும்வரை தொடவே வேண்டாம் என்று மருத்துவிச்சி சொல்லியிருக்கிறாளாம். ஈயம் உள்ளே போனதும் தூள் தூளாக உடைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இறைச்சி முழுக்கப் பரவிவிடுமாம், வயிற்றில் இருக்கிற பிள்ளையின் மூளைக்கு அது கூடாதாம்.

நோர்வேக்கு வந்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் இலையுதிர்காலம் என்றால் எல்க் கறி. ஆரணி பருப்பும் முட்டைப்பொரியலும் போட்டுச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது கண் கலங்கியது. வெங்காயம் என்றாள். பருப்புக்குள் வெங்காயம் எங்கிருந்து கண்ணைக் கரிக்கும்? எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வருசம் செப்புச் சன்னத்தால் சுட்ட எல்க் உனக்குக் கிடைக்கும், அப்பாவின் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

என் புருவத்தில் இருக்கிற தழும்பு என்ன என்று கேட்டாள். அலுமாரிக் கதவு என்றேன். சறோ இருமினாள்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

வாய் கொடுத்தது சுலபம். சிக்கல் இதுதான்.

நாங்கள் ஐந்து பேர்: தலைவர் ஊட்வார், தூருன், மீன்பிடிக்கிற அண்ணன் தம்பி இருவர், பள்ளிக்கூடக் கட்டிடம் பராமரிக்கிற நான். வருசத்துக்கு எங்களுக்கு இரண்டு எல்க் சுட அனுமதி, ஒன்று பெரியது, ஒன்று கன்று. யார் சுட்டாலும் இறைச்சி முழுவதையும் ஒன்றாகப் போட்டு ஐந்து குவியல் வைப்போம். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். ஊட்வார் ஒரு குவியலைக் காட்டி "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். அவ்வளவுதான், மறுபேச்சு இல்லை. அப்படியிருக்க, நான் மட்டும் செப்பால் சுட்டு என்ன பயன்? என் குவியலில் ஊட்வாரின் ஈயம் அல்லவா இருக்கும்.

ஊட்வாரிடம் போய்ச் சொன்னேன். ஊட்வாருக்கு எழுபது தாண்டிவிட்டது. பால் இல்லாத கோப்பி ஊற்றித் தந்து முழுவதையும் கேட்டார். நீ சுடுகிறதை நீயே கொண்டுபோ என்று அங்கே வந்திருந்த தூருன் ஒரு வழி சொன்னாள். ஊட்வார் இல்லை என்று தலையை ஆட்டினார். தாத்தா காலத்தில் இருந்து யாரும் இறைச்சியைத் தெரிந்தெடுத்ததில்லை, இனியும் இல்லை. எனக்கும் அது பிடிக்கவில்லை. தனியாகக் கொண்டுபோய்ச் சாப்பிட நான் என்ன ஊருக்கு நேற்று வந்தவனா?

செப்பு என்றதும் சிரித்தார். தண்ணீர்க் குழாய் செய்கிற சாமான் என்றார். அது உடம்புக்குள் விரியாது, ஊசி மாதிரி மறுபக்கத்தால் போய்விடும், மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடிச் சாகும் என்றார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. கடைசியில் கோப்பிக்கு அடியில் இருந்த சோசர் தட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"பரீட்சை நாளிலை அஞ்சு செப்பு ரவையும் இந்தச் சோசருக்குள்ளை விழுந்தால், இந்த வருசம் அஞ்சு பேரும் செப்பு. விழாட்டில் இந்தக் கதை இனி என்ரை வீட்டிலை வேண்டாம்."

பரீட்சை என்பது வேட்டைக்காரர் எல்லோரும் வருசா வருசம் சுட்டுக் காட்ட வேண்டியது. அதற்குரிய வட்டம் ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு. ஊட்வாரின் சோசர் அதில் பாதி. சரி என்று கைகொடுத்துவிட்டு வந்தேன். பரீட்சை செப்ரெம்பர் 13.

ஓகஸ்ட் 9, சனி

மூன்று வகைச் செப்புச் சன்னம் வந்து சேர்ந்தது. பெட்டியில் இருக்கிற பெயர்கள் வாயில் நுழையாது, ஆகவே நானே பெயர் வைத்துவிட்டேன். நுனியில் சிவப்புப் பிளாஸ்டிக் வைத்தது சிவப்புமூக்கன். நுனியில் வெறும் குழி உள்ளது குழிவாயன். உடம்பைச் சுற்றி வெட்டு வெட்டாக இருப்பது மோதிரக்காரன்.

செப்பு ஈயத்தை விடப் பாரம் குறைந்தது. அதே நிறை வேண்டுமென்றால் சன்னம் நீளமாக வரும், கோதுக்குள் மருந்து இருக்கிற இடத்தைப் பிடித்துவிடும். அதனால் கொஞ்சம் நிறை குறைந்ததை வாங்கி வேகமாக விட வேண்டும், வேகம் இருந்தால்தான் அது விரியும். பழைய ஈயக் கணக்கில் மருந்து போடவே கூடாது, செப்புக்கென்று தனிக் கணக்குப் புத்தகம். எல்லாவற்றையும் சறோவுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் முறுக்குக்கு மா குழைக்கிற முகத்தோடு கேட்டாள்.

மருந்து நிறுப்பது எப்போதும் அவள்தான். என் கை பெரிய கை. கீழறையில் இருவரும் இருந்து அடைத்தோம். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த ஆட்கள் இப்போது வீட்டிலேயே ரவை அடைக்கிறோம் என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் அடுத்த ரவைக்கு மருந்து நிறுத்தாள்.

ஓகஸ்ட் 16, சனி

சிவப்புமூக்கன் சரியில்லை. ஐந்தும் ஐந்து திசை, அதிலும் அநேகம் இடப்பக்கம் கீழே. சோசர் எங்கே, சுளகு வைத்தாலும் மூடாது. விலையைப் பார்த்தால் தானாகவே எல்க்கைத் தேடிப் போயிருக்க வேண்டும்.

தூருன் பக்கத்தில் நின்று பார்த்தாள். குறியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். தோள் நோகிறதா என்று கேட்டாள். என்ன தோள்? பள்ளிக்கூடக் கூரையில் பனி தள்ளுகிற தோள் இது.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

இன்றைய நாள் நல்ல நாள். ஊட்வாரின் களஞ்சியத்துக்குப் பின்னால் பழைய பத்திரிகைகளை ஊறவைத்துக் கட்டுக் கட்டாக அடுக்கி, ஈயத்தையும் செப்பையும் அதற்குள் சுட்டுப் பார்த்தோம். எனக்குக் கை ஈரம், அதனால் தூருன் சுட்டாள்.

ஈயச் சன்னம் நல்ல காளான் மாதிரி விரிந்துதான் இருந்தது. ஆனால் நிறுத்தால் கால்வாசியைக் காணவில்லை. போனது எங்கே என்று ஈரத் தாள்களை ஒவ்வொன்றாக உரித்தோம். மிளகுத்தூள் தூவின மாதிரி சாம்பல் பொட்டுகள், சன்னம் போன வழியில் மட்டுமல்ல, ஒரு சாண் தள்ளியும். செப்பு மூன்றும் இதழ் இதழாக விரிந்து நின்றன, நிறை அப்படியே இருந்தது. சிவப்புமூக்கன்தான் எல்லாவற்றிலும் சீக்கிரம் விரிந்தது. தாளில் ஒரு பொட்டும் இல்லை. ஊசி மாதிரிப் போகும் என்ற கதை முடிந்தது.

ஊட்வார் அந்தப் பொட்டுத் தாளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, பத்திரிகை தின்ன யாரும் வேட்டைக்குப் போவதில்லை என்றார். சோசர் சோசர்தான் என்றார். ஆனால் போகும்போது விரிந்த சிவப்புமூக்கன் ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டதை நான் கண்டேன்.

ஓகஸ்ட் 23, சனி

குழிவாயனும் சரியில்லை. இடப்பக்கம் கீழே.

துவக்குக் குழலுக்குள் செப்பு ஒட்டியிருக்கும் என்று கழுவுகிற மருந்து விட்டுத் துடைத்தேன். துணி பச்சையாக வந்தது. அந்த மணத்துக்குச் சறோ அப்பம் சுடுகிறதை நிறுத்திவிட்டு யன்னல் எல்லாம் திறந்தாள். அப்பம் கல்லாகிவிட்டது. அதையும் என் கணக்கில்தான் எழுதினாள்.

ஓகஸ்ட் 30, சனி

மோதிரக்காரன். காற்று.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

மோதிரக்காரன். கொசு.

செப்ரெம்பர் 6, சனி

மூன்றையும் திரும்பச் சுட்டேன். எதைச் சுட்டாலும் ஒரே கோணல். துவக்கை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். துவக்கின் மேல் பூட்டிய தொலைநோக்கி பழுதாக இருக்கலாம். துவக்கின் மரக்கட்டையில் ஈரம் ஏறியிருக்கலாம்.

ஆரணி தொலைபேசியில் எடுத்தாள். கனவில் கறிச்சட்டி வந்ததாம், மூடியைத் திறக்க முதல் எழும்பிவிட்டாளாம். எல்லாம் நல்லாகப் போகிறது என்றேன். நல்லாகத்தான் போகிறது. நான் ஒன்றும் பயப்படவில்லை. ஒரு வாரம் இருக்கிறது. பயப்பட என்ன இருக்கிறது?

இதை எழுதி வைக்கிறேன், சன்னக் கொப்பி என்றால் உண்மை இருக்க வேண்டும். போன வருசம் கன்றுக்குச் சுடும்போது தொலைநோக்கி கண்ணுக்குக் கிட்ட இருந்தது, துவக்கு உதைத்தபோது அதன் விளிம்பு புருவத்தில் பட்டது. கொஞ்சம் இரத்தம். கன்று ஓடிவிட்டது. ஆகவே அலுமாரிக் கதவு துவக்கின் மேல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சறோவும் தூருனும் இப்போதெல்லாம் தொலைபேசியில் நெடுநேரம் கதைக்கிறார்கள். நான் போனால் மீன் விலையைப் பற்றிக் கதைக்கிறார்கள். தூருன் மீன் வாங்கி நான் கண்டதில்லை, அவள் தானே பிடிக்கிறவள்.

செப்ரெம்பர் 12, வெள்ளி

நாளைக்கு எந்தச் சன்னம் என்று கேட்டேன். முதல் சுட்டதையே சுடுங்கள், சிவப்புமூக்கன், என்றாள் சறோ. நீங்கள் போய்ப் படுங்கள், நானே அடைத்து வைக்கிறேன் என்றும் சொன்னாள். இவ்வளவு அன்பு ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

செப்ரெம்பர் 13, சனி

எழுதத்தான் வேண்டும்.

ஊரில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். ஊட்வார் சோசரைக் கையோடு கொண்டு வந்து மேசையில் வைத்திருந்தார். பரீட்சைக்கு முதல் பழக்கத்துக்கு இரண்டு மூன்று சுட்டுப் பார் என்றாள் தூருன். ரவையை அவளே துவக்குக்குள் போட்டுத் தந்தாள். சறோ காதுக்கு மூடி போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். அவள் இதற்கு முதல் ஒருநாளும் சுடுமிடத்துக்கு வந்ததில்லை.

முதலாவது வெடித்தது. இடப்பக்கம் கீழே. இரண்டாவதுக்கு நன்றாகக் குறி பார்த்து, மூச்சை விட்டு, விசையை அழுத்தினேன்.

டிக்.

வெடிக்கவில்லை. உதைக்கவும் இல்லை. ஆனால் என் துவக்கு தானாகவே நிலத்தைப் பார்த்துக் குத்திக்கொண்டு போனது. என் தோள் முன்னால் பாய்ந்திருந்தது. இரண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருந்தேன். கண்ணைத் திறந்தால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். தூருன் சொன்னபடி துவக்கைக் குறிப்பக்கமே நீட்டி வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்து, ரவையை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் வெடிக்கும் கேப் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. காதடியில் ஆட்டினேன், உள்ளே மருந்துச் சத்தமும் இல்லை.

"சறோ, இதுக்கு மருந்து போட மறந்திட்டாய்."

"மறக்கேல்லையப்பா," என்றாள்.

அதற்குப் பிறகுதான் சிரிப்பு. ஊட்வார் சிரித்துச் சிரித்து இருமி, மீன்பிடிக்கிற தம்பி அவர் முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. தூருன் விளங்கப்படுத்தினாள்: துவக்கு உதைக்கப் போகிறது என்று பயந்து என் உடம்பு முதலே பாய்கிறதாம், பழைய வேட்டைக்காரருக்கும் வருமாம், சுட்டவனுக்கு மட்டும் தெரியாதாம். ஓகஸ்ட் 16ஆம் திகதியே தூருன் கண்டுவிட்டாள். சொன்னால் நான் கேட்க மாட்டேன் என்று சறோவிடம் போயிருக்கிறாள், எனக்கு அதைக் காட்டத்தான் இந்த வெற்று ரவை. தூருன் சொன்னால் கேட்பேன் என்று இந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை வெட்டவில்லை, இருக்கட்டும்.

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை எனக்கு. ஆறு வாரம் மூன்று அப்பாவிச் சன்னங்களைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். காற்றையும் கொசுவையும் வேறு. அதைவிட, ஆரணியின் சட்டி இன்றோடு போயிற்று.

ஊட்வார் வந்து என் பக்கத்தில் குந்தினார். தனக்கும் ஒருகாலம் இது இருந்ததாம், இரண்டு வருசம் துவக்கைத் திட்டினாராம், அவருடைய மனைவிக்கு ரவை அடைக்கத் தெரியாததால் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையாம். பிறகு கையை நீட்டினார்.

"தா பாப்பம். பிழை உன்ரை தோளிலையோ, தண்ணிக் குழாயிலையோ?"

துவக்கை வாங்கிச் சுடப் படுத்தார். தூருன் உண்மையான ரவை ஐந்து போட்டுக் கொடுத்தாள். என் துவக்கு, சறோ நிறுத்த மருந்து, சிவப்புமூக்கன். ஐந்து சத்தம். தூருன் போய்க் குறியின் தாளைக் கொண்டு வந்து மேசையில் வைத்து, மேலே சோசரைக் கவிழ்த்தாள். ஒரு ஓட்டையையும் காணவில்லை. சோசரை எடுத்தாள். ஐந்தும் அதற்குள் நெருங்கிக் கிடந்தன.

"ஊட்வார், உன்ரை வாக்கு?" என்றாள்.

சுட்டது நான் அல்லவா என்றார் அவர். செப்பு சோசருக்குள் விழ வேண்டும் என்றுதான் நீ சொன்னாய், யார் சுட வேண்டும் என்று சொல்லவில்லை என்றாள் தூருன். ஊட்வார் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, அன்றைக்கு எடுத்துப்போன சன்னத்தைச் சோசரில் வைத்தார். அது இத்தனை நாளும் அவர் பையிலேயே இருந்திருக்கிறது.

"என்ரை பேரப்பிள்ளையள் ரெண்டும் பல்லு முளைச்ச நாளிலையிருந்து நான் சுட்ட இறைச்சிதான் சாப்பிடுதுகள்," என்றார். "அந்தத் தாளைப் பாத்த பிறகு எனக்குச் சரியா நித்திரை இல்லை. ஒருத்தன் என்னைத் தோக்கடிப்பான் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். நீ அதையும் ஒழுங்காச் செய்யேல்லை."

சறோ பையைத் திறந்து எல்லோருக்கும் பொரித்துக்கொண்டு வந்த பற்றிஸ் கொடுத்தாள்.

செப்ரெம்பர் 20, சனி

வாரம் முழுக்க வேலை. தூருன் தொலைநோக்கியை முன்னுக்குத் தள்ளிப் பூட்டித் தந்தாள். சறோ வெற்று ரவையையும் உண்மை ரவையையும் கலந்து தருகிறாள், எது எது என்று சொல்லமாட்டாள். சுடும்போது சத்தம் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டும், அதுதான் சரியான சுடுகை என்கிறாள். யார் வேட்டைக்காரர், யார் மருந்து நிறுக்கிறவர் என்று இந்த வீட்டில் குழம்பிப்போய்விட்டது.

இன்று திரும்பவும் பரீட்சை வைத்தார்கள், சித்தியடைந்தேன். ஐந்தில் நான்கு சோசருக்குள். ஐந்தாவது காற்று. உண்மையிலேயே காற்று.

மற்றவர்கள் கடையில் செப்பு ரவை வாங்கிவிட்டார்கள். ஊட்வார் மட்டும் தனக்குச் சறோவின் கையால் அடைத்ததுதான் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். ரவைக்கு ஈடாக இருக்கட்டும், சோசரை அனுப்புங்கள் என்றாள் சறோ. சோசர் இப்போது எங்கள் வீட்டில்.

செப்ரெம்பர் 25, வியாழன்

வேட்டை தொடங்கியது. மழை. ஒரு முயலைக் கண்டேன். அது என்னைக் காணவில்லை.

செப்ரெம்பர் 27, சனி

பூர்ச்ச மரங்களுக்குப் பக்கத்தில் என் இடம். ஊட்வாரின் நாய் தூரத்தில் குரைத்தது, பிறகு கிட்டக் குரைத்தது. எல்க் ஓடி வரவில்லை, சந்தைக்குப் போகிறவர் மாதிரி நடந்து வந்து, பக்கவாட்டில் நின்றது. பெரிய ஆண். மூச்சுப் புகை தெரிந்தது.

புருவம் கூசியது. பயந்தேன், எழுதுவதில் என்ன வெட்கம். இது வெற்று ரவையாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொன்னேன். அழுத்தினேன். சத்தம் என் காதில் விழவே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கண்டேன். எல்க்கின் தோளுக்குப் பின்னால் மயிர் சிலிர்த்ததை, அது நாலைந்து எட்டு வைத்ததை, முன்னங்கால் மடிந்ததை. இத்தனை வருசத்தில் நான் சுட்டதை நானே பார்த்தது இதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன். கிட்டப் போய்க் கழுத்தில் கைவைத்து நன்றி சொன்னேன், தமிழில்தான்.

ஊட்வார் வந்தார். சன்னம் போன வழியைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. குடலைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம், அதைக் கழுகுகள் தின்னும். ஈயம் தின்ற கழுகுகள் சாகக் கிடந்து தன்னிடம் வருவதாகத் தூருன் ஒவ்வொரு வருசமும் சொல்வாள். இந்த முறை அவள் திரும்பித் திரும்பி மேலே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறக்க முதல்: கன்றை மீன்பிடிக்கிற அண்ணன் பின்னேரம் சுட்டார். அதுவும் செப்பு.

ஒக்ரோபர் 4, சனி

இறைச்சி தொங்கிப் பதமாகிவிட்டது. களஞ்சியத்தில் ஐந்து குவியல் வைத்தோம். இந்த வருசம் யார் சுவரைப் பார்த்து நிற்பது என்று கேட்க, ட்ரோம்சோவிலிருந்து வந்திருந்த ஆரணியை ஊட்வார் காட்டினார். எட்டாம் மாதத்து வயிறு, சுவருக்கு நெருங்கி நிற்க முடியவில்லை, தள்ளித்தான் நின்றாள்.

"இது யாருக்கு?"

என் பெயரைச் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் கழுத்தும் காலெலும்பும் உள்ள குவியல். வருசா வருசம் எனக்கு அதுதான் வரும். எல்லோரும் சிரித்தார்கள், ஆரணி அப்பா மன்னியுங்கோ என்றாள். எதற்கு மன்னிப்பு? ஐந்து குவியலில் எதைச் சொல்லியிருந்தாலும் பிள்ளை சாப்பிடலாம். அதை அவளுக்குச் சொல்லப் போய், குவியலைப் போடச் சாக்கைத்தான் பிடித்தேன்.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

கழுத்து இறைச்சிதான் கறிக்கு நல்லது. காலையில் இருந்து மெல்லிய நெருப்பில் வெந்தது. ஆரணி சட்டியைத் திறந்தாள், மணந்தாள், மூடவில்லை. இரண்டு கோப்பை சோறு. மூன்றாவதுக்கு, இது எனக்கு இல்லை, பிள்ளைக்கு என்று கணக்குச் சொன்னாள். உப்புக் குறைவு என்று வேறு குறை. சறோவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சாப்பிட்டு முடிந்து சாய்ந்திருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். இங்கே வளர்ந்த பிள்ளை, அவளுக்குக் கூச்சம் இல்லை. எனக்குத்தான் கையை எப்படி வைத்திருப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே இருந்து நல்ல உதை ஒன்று, நேராக உள்ளங்கையில்.

கண்ணை இறுக்கி மூடிவிட்டேன். சறோ கண்டுவிட்டாள். காணட்டும்.